செடிக்குத் தண்ணீர் ஊற்றக் கற்ற ரோபோக்கள்

இடுப்பளவு உயரம். முகம் இல்லை, குரல் இல்லை. குட்டையாக இரண்டு கால்கள், பெட்டி மாதிரி உடம்பு, முன்பக்கம் நீளும் ஒரே ஒரு இரும்புக் கை. இப்படிப்பட்ட ரோபோக்களை மண்ணில் நிற்கவைத்து, மரக்கன்று நடுவது எப்படி என்று ஒரு மனிதன் பொறுமையாகச் சொல்லித்தருகிறான். இடம், சனிக் கிரகத்தைக் கடந்து போய்க்கொண்டிருக்கும் ஒரு விண்கலம். அந்தக் கலத்தோடு ஒட்டியிருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் பூமியின் கடைசிக் காடு இருக்கிறது.

1972-இல் வெளிவந்த ‘சைலண்ட் ரன்னிங்’ படத்தின் நடுப்பகுதி இது. செயற்கை அறிவு கொண்ட ரோபோக்களைப் பற்றி எந்தப் படம் பார்க்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். கேட்பவர் காவிரிப் படுகைக்காரராக இருந்தால் இன்னும் அழுத்திச் சொல்வேன். பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். வயல் வயதானவர்கள் கையில் இருக்கிறது. நடவுக்கும் அறுப்புக்கும் மருந்தடிக்கவும் இயந்திரம் வந்துவிட்டது. இனி இந்த மண்ணைப் பார்த்துக்கொள்ளும் வேலை யார் கைக்குப் போகும் என்பதுதான் இங்கே பல வீட்டுத் திண்ணைகளில் ஓடும் பேச்சு. அந்தப் பேச்சைத்தான் இந்தப் படம் ரோபோக்களை வைத்துப் பேசுகிறது.

கதையை முழுதாகச் சொன்னால்தான் மற்றதைப் பேச முடியும். முடிவு தெரிந்துவிடும், தெரிந்து பார்த்தாலும் குறைந்துபோகிற படம் இல்லை இது.

பூமியில் மரம் செடி எதுவும் மிஞ்சவில்லை. கடைசிக் காடுகளைப் பெரிய கண்ணாடிக் கூண்டுகளில் வைத்து, சரக்கு விண்கலங்களில் ஏற்றி, சனிக்கு அருகே நிறுத்திவைத்திருக்கிறார்கள். ‘வேலி ஃபோர்ஜ்’ என்ற கலத்தில் நான்கு பேர். அதில் ஃப்ரீமன் லோவல் என்ற தாவரவியலாளனுக்கு மட்டும் காடுதான் உயிர். மற்ற மூவருக்கும் அது ஒரு வேலை, எப்போது முடியும், எப்போது வீடு திரும்பலாம் என்று காத்திருக்கிறார்கள். ஒருநாள் உத்தரவு வருகிறது: கூண்டுகளைக் கழற்றி விண்வெளியில் தள்ளி, அணுகுண்டு வைத்து அழித்துவிட்டுத் திரும்புங்கள், கலங்கள் மறுபடி வணிகப் போக்குவரத்துக்கு வேண்டும். கூண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கின்றன. தன் கூண்டுக்குக் குண்டு வைக்க வந்த சக ஊழியனை லோவல் கொன்றுவிடுகிறான். மீதி இருவர் இன்னொரு கூண்டில் இருக்கும்போதே அதைக் கழற்றிவிட்டு வெடிக்கவைக்கிறான். அப்புறம் கலத்தைச் சனியின் வளையங்களுக்கு ஊடே திருப்பிவிட்டுத் தப்பிக்கிறான். அவனுக்கு மிச்சமிருக்கும் துணை மூன்று பராமரிப்பு ரோபோக்கள். வளையத்தைக் கடக்கும்போது ஒன்று தொலைந்துபோகிறது. இரண்டு மிஞ்சுகின்றன.

இந்த உத்தரவைப் போடுபவர்கள் காட்டின் எதிரிகள் கிடையாது. படத்தில் பூமி அழிந்துவிட்டதாகவும் எங்கும் காட்டவில்லை. நோய் குறைந்துவிட்டது, எல்லாருக்கும் வேலை இருக்கிறது, பூமி முழுக்க ஒரே மாதிரி 75 டிகிரி பாரன்ஹீட் வெப்பம். செலவுக் கணக்குப் பார்க்கிறார்கள், காடு அதில் தேறவில்லை, அவ்வளவுதான். மன்னார்குடி வட்டாரத்தில் மீத்தேன் எடுக்கும் திட்டம் வந்தபோது நெல் வயல்மீது யாருக்கும் பகை இருக்கவில்லை. அங்கேயும் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கை மக்களிடம் எடுத்துச்சொல்லி ஊர் ஊராக நடந்தவர் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார்; அந்தப் பிரசாரத்தின் நடுவேதான் 2013 டிசம்பர் 30-ஆம் தேதி பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் இறந்தார். 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்ததற்குப் பின்னால் அப்படிப் பல ஆண்டு நடை இருக்கிறது. படத்தில் அப்படி நடப்பதற்கு ஆளே இல்லை. லோவல் தனியாள்.

கூண்டுகள் வெடிக்கும் காட்சியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிப் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று தென்னந்தோப்புகளை ஒரே இரவில் சாய்த்துப்போட்டது. மறுநாள் காலையில் தோப்பில் நின்றவர்களுக்கு இந்தக் காட்சியில் லோவலின் முகத்தைப் பார்த்தால் விளக்கம் எதுவும் தேவைப்படாது. ப்ரூஸ் டெர்ன் என்ற நடிகர் அந்த முகத்தை அவ்வளவு உண்மையாக வைத்திருக்கிறார்.

படத்தின் இயக்குநர் டக்ளஸ் ட்ரம்புல். ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தின் சிறப்புக் காட்சிகளில் முக்கியப் பங்கு அவருடையது. அந்தப் படமும் முதலில் சனிக்குத்தான் போவதாக இருந்தது. வளையங்களை நம்பும்படி எடுக்க அப்போது முடியாததால் வியாழனுக்கு மாற்றினார்கள். விட்டுப்போன சனியை ட்ரம்புல் தான் இயக்கிய முதல் படத்தில் எடுத்து முடித்தார். அந்தப் படம்தான் இது. செலவு 13 லட்சத்துச் சொச்சம் டாலர். ‘2001’-க்கு ஒரு கோடி டாலருக்கு மேல் ஆனது. பணம் இல்லாததால், உடைப்பதற்காக நிறுத்தப்பட்டிருந்த ஒரு பழைய அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலுக்குள் படம் பிடித்தார்கள். அதன் பெயரே படத்தில் கலத்தின் பெயராகிவிட்டது. கலத்தின் மாதிரி உருவத்தைச் செய்யக் கடையில் விற்கும் பொம்மை டாங்கிகளின் பாகங்களைப் பயன்படுத்தினார்கள்.

காலத்தையும் பார்க்க வேண்டும். முதல் ‘பூமி நாள்’ 1970 ஏப்ரலில். ஸ்டாக்ஹோமில் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு நடந்தது 1972 ஜூனில். இந்திரா காந்தி அங்கே போய்ப் பேசினார். அந்தக் கவலை உலகம் முழுக்கப் பரவிய நேரத்தில் வந்த படம் இது. இருந்தும் ஒரு பக்கம் 1968-இன் ‘2001’, இன்னொரு பக்கம் 1977-இன் ‘ஸ்டார் வார்ஸ்’ என்று இரண்டு மலைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. முதலாவதைப் போலப் புதிரும் இல்லை, இரண்டாவதைப் போலச் சண்டையும் இல்லை. ஆனால் பின்னால் வந்தவர்கள் இதிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டார்கள். ‘வால்-ஈ’ இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டாண்டனும், ‘மூன்’ இயக்குநர் டங்கன் ஜோன்ஸும் இந்தப் படத்தின் தாக்கத்தை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள்.

இனி ரோபோக்களுக்கு வருவோம். இதில்தான் படத்தின் மகத்துவம் இருக்கிறது.

முகமில்லாத மூன்று பெட்டிகள் எப்படி உயிருள்ளவையாகத் தெரிகின்றன? காரணம் உள்ளே இருந்த மனிதர்கள். மார்க் பெர்சன்ஸ், ஷெரில் ஸ்பார்க்ஸ், ஸ்டீவன் பிரவுன், லாரி விஸன்ஹன்ட் என்று நான்கு பேர். நால்வருக்கும் கால்கள் கிடையாது. கைகளையே கால்களாக ஊன்றி அந்தக் கூட்டுக்குள் நடந்தார்கள். 1932-இல் வந்த ‘ஃப்ரீக்ஸ்’ படத்தில் ஜானி எக் என்ற கலைஞர் கைகளால் நடப்பதைப் பார்த்த நினைவிலிருந்து ட்ரம்புலுக்கு வந்த யோசனை இது. ஒவ்வொருவர் உடம்புக்கும் அளவெடுத்துக் கூடு செய்தார்கள். கைகளில் நடப்பவரின் எடை ஒவ்வொரு அடிக்கும் தோளிலிருந்து இறங்குகிறது. அதனால் அந்த ரோபோக்களின் நடையில் ஒரு தயக்கம், ஒரு யோசனை தெரிகிறது. கும்பகோணம் பக்கத்துப் பொம்மலாட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மரப்பொம்மையின் முகம் அசையாது; ஆட்டுபவரின் தலை வளையத்திலிருந்து தொங்கும் கயிறும் கைக்கம்பியும் தரும் நடையில்தான் அழுகையும் கோபமும் வரும். கிராபிக்ஸ் வந்த பின்னால் எத்தனையோ ரோபோக்களுக்குப் பெரிய கண்கள் வைத்தார்கள். இந்த மூன்றுக்கும் கண் இருந்த மாதிரியே நினைவில்லை, ஆனால் அவை என்னைப் பார்த்தது நினைவிருக்கிறது.

தொடக்கத்தில் அவற்றுக்கு எண்கள்தான். லோவல்தான் ஹூயி, டூயி, லூயி என்று கார்ட்டூன் வாத்துக் குட்டிகளின் பெயரை வைக்கிறான். அவற்றின் மின்பலகையைக் கழற்றிப் புதிய நிரலை ஏற்றுகிறான். கொலையின்போது காயப்பட்ட அவன் காலுக்கு அவையே அறுவைச் சிகிச்சை செய்கின்றன. செத்துப்போன ஊழியனைக் காட்டுக்குள் குழிதோண்டிப் புதைப்பதும் அவைதான். பிறகு மரம் நடக் கற்கின்றன, சீட்டாடக் கற்கின்றன, ஒருமுறை அவனைத் தோற்கடிக்கவும் செய்கின்றன.

அந்த ஆண்டுகளில் நிஜமான ரோபோ எந்த நிலையில் இருந்தது என்று தெரிந்தால் இந்தக் கற்பனையின் துணிச்சல் புரியும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனம் 1966 முதல் 1972 வரை ‘ஷேக்கி’ என்ற ரோபோவை உருவாக்கியது. தானே யோசித்து நகரும் இயந்திரங்களில் முன்னோடி அது. அதற்காகவே அமைத்த அறைகளில் கட்டைகளைத் தள்ளுவதுதான் அதன் வேலை. ஒரு அடி நகர நெடுநேரம் கணக்குப் போடும். வெளியே மண், ஈரம், வேர், இலை என்று வந்தால் அதற்கு ஒன்றும் ஓடாது. 1973-இல் பிரிட்டனில் வந்த லைட்ஹில் அறிக்கை, செயற்கை அறிவுத் துறை சொன்னபடி எதையும் செய்யவில்லை என்று கடுமையாக எழுதி, அங்கே அந்தத் துறைக்கான பணத்தையே வெட்டவைத்தது. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு இயக்குநர், ரோபோவுக்கு உலகை ஆளும் ஆசையைக் கொடுக்காமல் தோட்ட வேலையைக் கொடுத்தார்.

தோட்ட வேலை எளிய வேலை என்று நினைப்பவர்கள் வயலுக்கு வந்து பார்க்க வேண்டும். இப்போது சம்பா வயல்களின் மேல் மருந்தடிக்கும் ட்ரோன் பறப்பது சாதாரணக் காட்சி. வரைபடத்தில் கோடு போட்டுக்கொடுத்தால் அதன்படி பறந்து தெளித்துவிட்டு வரும். ஆள் உடம்பில் மருந்து படாது, நேரமும் மிச்சம், நல்லதுதான். ஆனால் புகையான் என்ற பூச்சி நெற்பயிரின் தூரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கும். வயலில் இறங்கிப் பயிரை விலக்கிப் பார்ப்பவர் கண்ணுக்குத்தான் அது படும். பார்த்தபின், மருந்துக்கு முன்னால் தண்ணீரை வடிக்கலாமா என்று யோசிக்க வேண்டும். வடித்தால் மறுபடி முறைத் தண்ணீர் எப்போது வரும், மடையில் பக்கத்து வயல்காரர் என்ன சொல்வார் என்றும் யோசிக்க வேண்டும். மருந்தடிப்பது ஒரு செயல். பயிரைப் பார்த்துக்கொள்வது நூறு யோசனைகளின் தொடர்ச்சி. இன்றைய இயந்திரங்கள் முதலாவதை நன்றாகச் செய்கின்றன. படத்தின் ரோபோக்கள் இரண்டாவதற்குள் நுழைகின்றன, அதனால்தான் ஐம்பது வருடம் கழிந்தும் பழசாகாமல் நிற்கின்றன.

அவை நுழைந்துவிட்டன என்பதை ஒரே காட்சி சொல்கிறது. லோவல் வண்டியைத் தாறுமாறாக ஓட்டி ஹூயியை மோதிவிடுகிறான். உடைந்துபோன ஹூயியைப் பழுதுபார்க்கும்போது டூயியை வேறு வேலைக்குப் போகச் சொல்கிறான். அது போகவில்லை. பக்கத்திலேயே நிற்கிறது. இதை எந்தப் பலகையிலும் அவன் எழுதி வைக்கவில்லை. பார்த்துக்கொள்ளப் பழகிய இயந்திரம், சொல்லாமலே இன்னொன்றைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

படத்தைப் பலமுறை யோசித்தபின் எனக்குப் பிடிபட்டது ஒன்று. லோவல் ரோபோக்களிடம் காட்டுகிற பொறுமையை அந்த மூன்று மனிதர்களிடம் ஒருநாளும் காட்டவில்லை. அவர்கள் செயற்கை உணவைச் சாப்பிடும்போது, தான் விளைவித்த முலாம்பழத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறான். கத்துகிறான், திட்டுகிறான், காட்டின் அருமை தெரியாதவர்கள் என்று ஒதுக்குகிறான். ஒரு கன்றை அவர்கள் கையில் கொடுத்து, இதை இப்படி நடு என்று சொன்னதே இல்லை. அவர்கள் கெட்டவர்களும் இல்லை. விளையாட்டுப் புத்தியுள்ள, ஊருக்குத் திரும்ப ஏங்குகிற சாதாரண ஆட்கள். கடைசியில் காட்டைக் காக்க மனிதர் ஒருவரும் இல்லாமல் போனதற்கு உத்தரவு பாதிக் காரணம் என்றால் லோவல் மீதிக் காரணம்.

மண்மேல் உயிராக இருப்பவன் மனிதர்மேலும் அப்படியே இருப்பான் என்று சொல்ல முடியாது. இதைத் தஞ்சைச் சீமைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நெல்லைத் தெய்வமாகக் கும்பிட்ட பண்ணைகளிலேயே, அந்த நெல்லை விளைவித்த பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்தன. சங்கம் கட்டிப் போராடிய பிறகுதான் 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பின்னும், 1968 டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி கேட்டதுதான் அதன் தொடக்கம். அந்த வரலாறு தெரிந்த கண்ணோடு பார்க்கும்போது, மரத்துக்காக மூன்று பேரைக் கொன்ற லோவலை வீரன் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. படமும் அவனைக் கொண்டாடவில்லை. தனிமையும் குற்ற உணர்வும் அவனை அரிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுகிறது. சூழலியல் பேசும் படங்களில் இந்த நேர்மை அரிது.

இன்னொரு இடத்தில் படத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. தப்பித்துப் போன சில காலத்தில் காடு வாட ஆரம்பிக்கிறது. தாவரவியல் படித்த லோவலுக்குக் காரணம் பிடிபடவில்லை. கடைசி நேரத்தில்தான் உறைக்கிறது: வெளிச்சம் போதவில்லை. மரநிழல் விழும் வரப்போரத்துப் பயிர் தேறாது என்று இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரியும். இருட்டறையில் வளர்க்கும் முளைப்பாரி வெளுத்து மஞ்சளாக இருப்பதும், விதைக்குள் இருந்த சத்து தீரும்வரைதான் நிற்பதும் தெரியும். பழைய நீண்டகாலச் சம்பா ரகங்கள் பகல் குறுகுவதைப் பார்த்துத்தான் கதிருக்கு வரும். அதனால்தான் பட்டம் பார்த்து விதைக்கிறோம். சனி சூரியனிலிருந்து பூமியைப் போல ஒன்பதரை மடங்கு தூரத்தில் இருக்கிறது. அங்கே விழும் வெயில் இங்கே விழுவதில் 90-ல் ஒரு பங்குதான். அப்படியானால் தொடக்கத்திலிருந்தே அந்தக் காடு விளக்கில்தான் வளர்ந்திருக்க வேண்டும். இது கதை எழுதியவர்களின் ஓட்டை. பாதி மட்டும் மன்னிக்கிறேன். பேச ஒரு ஆள் இருந்திருந்தால் ‘வெளிச்சம் பத்தலையோ’ என்று முதல் வாரத்திலேயே கேட்டிருப்பார். தனியாக வேலை பார்ப்பவனுக்கு அந்தக் கேள்வி வர நாளாகும் என்பதும் உண்மைதானே.

தேடி வந்த மீட்புக் கலம் நெருங்குகிறது. லோவல் அவசரமாக விளக்குகளைப் பொருத்தி, காட்டை டூயியிடம் ஒப்படைத்து, கூண்டைக் கழற்றி விண்வெளிக்குள் அனுப்பிவிடுகிறான். உடைந்த ஹூயியோடு தானும் கலத்தில் இருந்துகொண்டு குண்டை வெடிக்கவைக்கிறான். காடும் டூயியும் போய்க்கொண்டே இருக்கின்றன. டூயி பழைய பூவாளியால் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறது.

அழகான முடிவு, அழவும் வைக்கும். ஆனாலும் காப்பது என்றால் இதுதானா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரங்கத்தில் ‘நெல்’ ஜெயராமன் நெல் திருவிழா நடத்தினார். வருகிற விவசாயிக்கு ஒரு பாரம்பரிய ரகத்தில் இரண்டு கிலோ விதை. அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித்தர வேண்டும். இப்படியே 174 ரகங்களை மீட்டு, 2018 டிசம்பரில் இறப்பதற்கு முன் ஆயிரக்கணக்கான கைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒரு கூண்டில் பூட்டிய விதைக்கு ஒரே ஒரு விபத்து போதும். பல வயல்களில் இருக்கும் விதையைப் புயலும் முழுதாக எடுத்துக்கொண்டு போக முடியாது. லோவல் ஒரே மாணவனிடம் எல்லாவற்றையும் கொடுத்தான். அந்த மாணவனுக்குக் கொடுப்பதற்கு இன்னொருவர் இல்லை. நல்ல ரோபோ கிடைத்துவிட்டது என்பதால் இந்தக் குறை தீராது.

பார்க்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். படம் ஒன்றரை மணி நேரம்தான். வேகம் குறைவு, முதல் அரைமணியில் சண்டையும் கொலையும் இருப்பதால் சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு தாராளமாகப் பார்க்கலாம். ஜோன் பாயெஸ் பாடும் பாடல்கள் அந்தக் காலத்து வாசனையோடு வரும், சிலருக்கு இனிப்பு கூடுதலாகத் தெரியலாம். பின்பாதியில் லோவலும் ரோபோக்களும் மட்டும் என்பதால் வசனம் மிகக் குறைவு. ஆங்கிலம் அதிகம் தெரியாத பெரியவர்களும் தடையில்லாமல் பின்தொடரலாம். ‘வால்-ஈ’யை ஏற்கெனவே பார்த்திருந்தால் இதைப் பார்த்துவிட்டு அதை மறுபடி ஒருமுறை போட்டுப் பாருங்கள், அந்தக் குட்டி ரோபோ ஒரு ஒற்றைச் செடியைக் கையில் எடுக்கும் காட்சி வேறு மாதிரி தெரியும்.